ஓதுவதும் ஓதுவிப்பதும்

ஆசிரியப் பெருமக்களே, தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லியில் 9-ஆவது அனுவாகத்தை இன்று எடுத்துக்கொள்வோம். மனிதன் கடைப்பிடிக்க வேண்டியவை என்று ரிஷி 12 விஷயங்களைச் சொல்லிக்கொண்டே போகிறார். சத்தியம், தவம், புலனடக்கம், மன அமைதி... ஒவ்வொன்றைச் சொன்ன கையோடும் வேதம் ஓதுவதையும் ஓதுவிப்பதையும் சேர்த்தே சொல்கிறார். 12 தடவையும்! ஓதுவிப்பது ஓரிடத்திலும் தனியே வரவில்லை. முதலில் தான் ஓதுவது, பிறகுதான் பிறருக்குச் சொல்வது.

நம்மிடம் இன்று சொல்வது மட்டும் மிஞ்சிவிட்டது. காலையில் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவு, நடுவில் தேர்தல் வேலை, மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், ராத்திரி விடைத்தாள் கட்டு. தேர்ச்சி விகிதம் குறைந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம். தனியார் பள்ளி என்றால் படுக்கப் போகும் நேரத்திலும் பெற்றோரின் வாட்ஸ்அப். இத்தனைக்கும் இடையே உங்களுக்காக நீங்கள் படித்த புத்தகம் எது?

வேலையால் வரும் இந்தச் சோர்வுக்கு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் மூன்று அடையாளங்கள் சொன்னார். உள்ளம் வற்றிப்போவது, எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, செய்ததெல்லாம் வீண் என்று தோன்றுவது. இரண்டாவதுதான் எனக்கு மிகுந்த அச்சம் தருகிறது. முன்னால் இருக்கும் 40 பிள்ளைகளும் வெறும் 40 பதிவெண்ணாகத் தெரியத் தொடங்கினால், அந்த வகுப்பில் குரு எங்கே இருக்கிறார்?

அந்த நிலைக்கு வந்தவரை நான் குறை சொல்லமாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதைப் பணியிடம் சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது. தாங்க முடியாத சுமையை ஏற்றிவிட்டு, தியானம் செய்யுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்வது அதர்மம். சுமையைக் குறைக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லையா, மனநல மருத்துவரைப் பாருங்கள். அதனால் உங்கள் பக்தி குறைந்தது என்று ஆகாது.

ரிஷியின் அந்த 12-க்குள் விருந்தினரைப் பேணுவதும், மனிதரோடு கலந்து பழகுவதும், பிள்ளை பேரன் என்று குடும்பம் தழைப்பதும் இருக்கின்றன. சொந்த வீட்டை மறந்துவிட்டு ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்து என்று அவர் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் பள்ளி வேலையைத் தூக்கிச் சுமக்கும் தாய்மார்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் செப்டம்பர் 5-ஆம் தேதி யாருடைய பிறந்தநாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ, அந்த ராதாகிருஷ்ணன் முக்கிய உபநிஷதங்களை மொழிபெயர்த்து விளக்கத்தோடு வெளியிட்டது 1953-இல். அப்போது அவர் குடியரசுத் துணைத் தலைவர். நாட்டின் உயர்ந்த பதவியில் அமர்ந்த பிறகும் அந்த ஆசிரியர் ஓதுவதை விடவில்லை.

அனுவாகத்தின் முடிவில் மூன்று பெரியவர்களின் கருத்து வருகிறது. சத்தியமே போதும் என்கிறார் ஒருவர். தவமே போதும் என்கிறார் இன்னொருவர். மௌத்கல்யரான நாகர் மட்டும், ஓதுவதும் ஓதுவிப்பதுமே போதும், தவம் என்பதே அதுதான் என்கிறார். நான் அவர் பக்கம்.

நாளைக் காலை பாடக்குறிப்பேட்டைத் திறப்பதற்கு முன் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். திருவாசகமாக இருக்கட்டும், வானியலாக இருக்கட்டும், கல்லூரியில் நீங்கள் ஆசைப்பட்டுப் படித்து நடுவில் விட்ட பகுதியாக இருக்கட்டும். வகுப்பில் சொல்ல உதவுமா என்று பார்க்காமல் படியுங்கள்.