ஓசியில் பார்க்கும் ஒளி

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் பிளாக்பூல் என்றொரு ஊர். கோடை முடிகிற நேரத்தில் அங்கே கடற்கரைச் சாலை நெடுக விளக்குகள் எரியத் தொடங்கும். ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தூரம், ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட விளக்குகள். முன்பெல்லாம் நவம்பர் தொடக்கத்தோடு முடிந்துவிடும். 2020 முதல் ஜனவரிவரை நீண்டிருக்கிறது. மக்கள் காரில் ஊர்ந்தபடியே பார்க்கிறார்கள். வேறு ஊரில் திட்டித் தீர்க்கவைக்கும் நெரிசல், இங்கே விழாவின் ஒரு பகுதி. சிலர் உருளைக்கிழங்குச் சிப்ஸ் பொட்டலத்தோடு நடக்கிறார்கள். சிலர் விளக்கு ஜோடித்த டிராமில் போகிறார்கள். விளக்குகளைப் பார்க்க நுழைவுச்சீட்டு கிடையாது.

எனக்கு இதில் ஒரு கேள்வி இருக்கிறது. காசு கொடுக்காமல் ஓர் அழகை அனுபவித்தவர் யாருக்காவது கடன்பட்டிருக்கிறாரா?

‘என்னப்பா இது, விளக்கைப் பார்த்ததுக்கெல்லாமா கணக்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் பார்ப்பதால் உங்களுக்கு வெளிச்சம் குறைந்துவிடாது. நிலவைப் பார்க்க யாரும் வாடகை கொடுப்பதில்லை.

ஆனால் நிலவுக்கு மின்கட்டணம் வருவதில்லை. பிளாக்பூல் விளக்குகளுக்கு வரும். அவற்றைச் செய்யவும் பழுதுபார்க்கவும் ஊர் மன்றம் தனியாகவே ஒரு பட்டறை வைத்திருக்கிறது. அந்த ஊரும் வசதியான ஊர் இல்லை. 2019இல் வெளியான அரசாங்கக் கணக்கின்படி, இங்கிலாந்தில் மிகவும் பின்தங்கிய 10 குடியிருப்புப் பகுதிகளில் 8 இங்கேதான் இருந்தன. இல்லாத ஊர் விளக்கேற்றுகிறது, வெளியூர்க்காரர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

‘சும்மாவா ஏற்றுகிறார்கள்? எல்லாம் வியாபாரம்தானே’ என்பது அடுத்த வாதம். அதிலும் உண்மை உண்டு. 1879இல் எட்டு வில்விளக்குகளோடு தொடங்கிய கதை இது. 1912இல் இளவரசி லூயிஸ் வருகைக்காகப் பத்தாயிரம் பல்புகள் கட்டினார்கள். கூட்டத்தைப் பார்த்த ஊர் வணிகர்கள், செப்டம்பரிலும் அதே விளக்குகளை ஏற்றச் சொல்லி மன்றத்தைக் கேட்டார்கள். கோடை போனாலும் கூட்டம் போகக்கூடாது என்பதுதான் கணக்கு. அப்படியானால் அறை வாடகையிலும் சிப்ஸ் விலையிலும் விளக்குக்கான காசை நாம் கொடுத்துவிடுகிறோம், இல்லையா?

பொருளியலில் இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு: கலங்கரை விளக்கம். கடலில் போகிற கப்பலை நிறுத்திக் காசு வாங்க முடியாது, அதனால் அதைத் தனியார் நடத்த மாட்டார்கள் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதினார். 1974இல் ரொனால்ட் கோஸ் ஒரு கட்டுரையில் இதை மறுத்தார். பிரிட்டனில் கப்பல்கள் துறைமுகத்துக்கு வரும்போது விளக்குக் கட்டணம் வசூலித்திருக்கிறார்கள் என்று காட்டினார். பிளாக்பூலின் விடுதிகளும் கடைகளும் அந்தத் துறைமுகம் மாதிரிதான். ஆனால் எல்லாக் கப்பலும் துறைமுகத்துக்குள் வருவதில்லை. வீட்டிலிருந்தே ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்து, காரைவிட்டு இறங்காமல் 10 கிலோமீட்டரும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் அந்த ஊருக்கு எதையும் விட்டுவிட்டுப் போவதில்லை.

அப்போ கட்டணம் போட்டுவிடலாமா? கூடாது என்றுதான் நினைக்கிறேன். பிளாக்பூல், லங்காஷயரின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் விடுமுறைக்கு வந்து வளர்த்த ஊர். பெட்ரோலுக்கு மட்டும் காசு வைத்திருக்கிற ஒரு குடும்பம் இன்றும் அங்கே போய், பணக்காரர் பார்க்கிற அதே விளக்கைப் பார்க்க முடியும். வாசல் வைத்தால் முதலில் வெளியே நிற்கப்போவது அவர்கள்தான். இன்னொன்று, விலை கொடுத்தவுடன் உறவு முடிந்துவிடுகிறது. ‘காசு குடுத்தாச்சு, காட்டு’ என்ற தோரணை வந்துவிடும்.

யாரும் வசூலிக்காத கடன் என்பதால் அது கடன் இல்லையென்று ஆகிவிடாது. வசூலிக்க ஆள் இல்லாத இடத்தில்தான் அது நம் பொறுப்பாகிறது. எல்லோருக்கும் ஒரே அளவுக் கடனும் இல்லை. முடிந்தவர் நன்கொடையாகக் கொடுக்கட்டும். முடியாதவரின் குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டுப் போகட்டும், அதற்காகத்தானே விளக்கு. எனக்கு உறுத்துவது மூன்றாவது ஆள். கையில் இருந்தும் கொடுக்காமல், ‘ஒரே ஜிகினா’ என்று கிண்டலும் அடித்துக்கொண்டு, கடைசிவரை பார்த்துவிட்டுப் போகிறவர். அனுபவித்ததை மட்டம் தட்டிவிட்டால் கடனும் கழிந்துவிடும் என்று அவர் நினைக்கிறார்போல.

இலவசமாகக் கிடைப்பது எப்போதும் கிடைக்கும் என்றும் இல்லை. 1939 ஆகஸ்ட் 31 அன்று பிளாக்பூலில் முன்னோட்டமாக விளக்கேற்றினார்கள். மறுநாள் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது, நாடு இருட்டடிப்புக்குள் போனது. விழா மறுபடி வந்தது 1949இல். ஏற்றுவதென்று யாரோ முடிவெடுத்ததால்தான் மீண்டும் எரிந்தது.

அந்த மூன்றாவது ஆளைத் தேட பிளாக்பூல்வரை போகவேண்டியதில்லை. நம் இலக்கியக் கூட்டங்களுக்கும் அவர் வருகிறார். மண்டபத்துக்கு யாரோ வாடகை கட்டியிருக்கிறார்கள், தேநீரும் பிஹூனும் யாரோ வாங்கி வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு, ‘கூட்டம் சுமார்தான்’ என்று சொல்லிக்கொண்டே கிளம்பிவிடுகிறார். விமர்சிக்கட்டும், தப்பில்லை. அதற்கு முன்னால் நாலு நாற்காலியை மடக்கி வைத்துவிட்டுப் போகலாம்.