உடலின் பொருளும் உயிரின் அடையாளமும்

மருத்துவ உயிர்வேதியியலின் கிளைகளுள் நொதிகளை ஆராய்வதும், மரபுப்பொருளை ஆராய்வதும், குருதியிலும் சிறுநீரிலும் நோயின் தடயம் தேடுவதும் மருத்துவமனைக்கு நெருக்கமானவை. ஆயினும் 'நான்' எனப்படுவது எது என்னும் பழைய வினாவை நேராகத் தொடுவது வளர்சிதை மாற்றத்தை, அதாவது உணவு உடலாவதும் உடல் சிதைந்து வெளியேறுவதுமாகிய வேதிவினைகளின் தொகுதியை, ஆராயும் கிளையே ஆகும்.

வளர்ந்து முடிந்த உடலின் கட்டமைப்பு பெரிதும் நிலையானது என்றும், உண்ணும் புரதத்தில் பெரும்பகுதி எரிந்து கழிவாகிவிடும் என்றும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருதப்பட்டது. நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியைவிட்டு நீங்கி, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்த ருடால்ஃப் ஷோன்ஹைமர் இக்கருத்தைத் தகர்த்தார். அவரும் டேவிட் ரிட்டன்பர்க் முதலியோரும் எடை மிகுந்த நைட்ரஜன்-15 என்னும் அணுவை அடையாளமாக ஏற்றிய லியூசின் என்ற அமினோ அமிலத்தை வளர்ந்த எலிகளுக்கு ஊட்டியபோது, அந்த நைட்ரஜனில் பாதிக்கு மேற்பட்டது உடற்புரதங்களில் புகுந்திருந்தது. எலிகளின் எடையோ மாறவில்லை. புதியது நுழைந்த அளவுக்குப் பழையது வெளியேறியிருந்தது என்பதே இதன் பொருள். உடற்கூறுகளின் இயங்குநிலை பற்றிய அவரது நூல், அவர் மறைந்த மறு ஆண்டில், 1942இல் வெளிவந்தது.

பருப்பொருளின் தொகுதியே மனிதன் என்போர்க்கு இம்முடிவு பெரும் இடர்ப்பாடு. இரவு முழுதும் எரியும் சுடரைக் காட்டி, அதுவே எனவும் வேறு எனவும் சொல்லவொண்ணாத தொடர்ச்சியை மிலிந்த மன்னனுக்கு விளக்கிய துறவி நாகசேனரின் பௌத்த நிலைப்பாட்டுக்கோ இது வலுவூட்டுவதாகத் தோன்றும். ஆனால் உடலில் அனைத்துமே மாறிவிடுவதில்லை. கண்வில்லையின் மையத்திலுள்ள கிரிஸ்டலின் என்னும் புரதங்கள் பிறப்புக்கு முன்பே உருவாகி, வாழ்நாள் முழுதும் புதுப்பிக்கப்படாமலே இருக்கின்றன. அவ்வளவு நிலைத்த பொருளைக் கண்புரை அறுவையில் நீக்கிச் செயற்கை வில்லையைப் பொருத்திய பின்னும் நோயாளி அவரேயாக இருக்கிறார்; ஆகவே, மாறாமை மட்டுமே ஒருவரின் அடையாளத்துக்குச் சான்றாகாது.

13ஆம் நூற்றாண்டின் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் தம் நூலாகிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உடலின் வேறாய் உயிர் உண்டென நிறுவுகிறார். உடலை 'எனது' என்று உரிமை கூறும் ஒன்று அவ்வுடலாக இருத்தல் இயலாது என்பது அவ்வாதத்தின் ஒரு கூறு. ஷோன்ஹைமரின் எலிகளை இதற்குத் துணையாக அழைப்பது பொருந்தாது; ஏனெனில் அணுக்கள் மாறினும் அவற்றின் ஒழுங்கமைப்பு நீடிக்கிறது என்று மறுதரப்பார் விடையிறுப்பர், அவ்விடை வலியதுமாகும். ஆயினும் அவ்வொழுங்கமைப்பில் நேரும் வலியை உணர்ந்து, அதனைத் தன் வலி என்று அறிவது எது என்பதற்கு, எடையுள்ளதை மட்டுமே பின்தொடரவல்ல நைட்ரஜன்-15 விடை தருவதில்லை.