தாங்குவதும் விலகுவதும்

முறிந்த எலும்புக்கு மட்டை வைத்துக் கட்டும் நாட்டு வைத்தியர், எலும்பு பொருந்தியதும் கட்டினை அவிழ்த்துவிடுவார். உரிய நாளில் அவிழ்ப்பதும் வைத்தியத்தின் ஒரு பாகமே. பிறருக்கு நாம் செய்யும் உதவியும் இவ்வாறு ஒருநாள் விலகத்தான் வேண்டுமா?

1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் லறி ஹெஞ்ச் என்ற அறிஞர் பஸ்ஸில் பயணஞ் செய்தபோது, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையதிகாரி ஒருவரோடு உரையாட நேர்ந்தது. உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடல் ஏற்காமையால் காயமுற்றோர் அவயவங்களை இழக்கின்றனர். உடல் ஏற்கும் பொருளொன்றை ஆக்க முடியாதா என்று அவர் கேட்டார். அக்கேள்வியின் பயனாக 1969இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் உருவானதே ‘பயோகிளாஸ்’ எனும் கண்ணாடி.

அதன் நிறையில் 45 வீதம் சிலிக்கா. உடுப்பிட்டிக்குக் கிழக்கே அம்பன், குடத்தனைப் பக்கம் குவிந்துள்ள வெண்மணலிலும் இருப்பது அதுவே. மீதி சோடியம், கல்சியம், பொசுபரசு ஆகியவற்றின் ஒட்சைட்டுகள். எலும்பருகே வைத்ததும் இக்கண்ணாடி உடல்நீரில் மெல்லக் கரையத் தொடங்கி, எலும்பின் கனிப்பொருளை ஒத்த படையொன்றைத் தன்மேல் உண்டாக்கி, எலும்போடு பிணைகிறது. கடற்பஞ்சு போல் துளைகளுடன் ஆக்கினால் அவற்றினூடே இரத்தக் குழாய்களும் புதிய எலும்பும் வளரும். காலப்போக்கில் கண்ணாடி கரைந்து இடம்விடும். விறைப்பான உலோகத் தகடோ பாரத்தின் பெரும்பகுதியைத் தானே சுமப்பதால், அடியிலுள்ள எலும்பு மெலிவதுண்டு.

பிள்ளைக்காக எல்லாவற்றையும் தாமே செய்யும் பெற்றோரும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் உறவினரும், தொண்டு நிறுவனங்களும் இதைச் சிந்திக்க வேண்டும். சுமை முழுவதையும் நாமே ஏற்றால் மற்றவரின் பலம் குன்றும்.

ஆயினும் இதனையே சட்டமாக்கிவிடலாகாது. துளையுள்ள கண்ணாடி நொறுங்கக்கூடியது. பாரந் தாங்குமிடத்தில் அது தனித்து நில்லாது. இழந்த காலை அது முளைக்கச் செய்யவும் மாட்டாது. வடமராட்சி பெரும்போரைக் கண்ட 1987ஆம் ஆண்டிலேயே, யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் வழங்கும் ஜெய்ப்பூர் நிறுவனமும் தொடங்கப்பட்டது. செயற்கைக் கால் தேயும்; திருத்த வேண்டும், மாற்ற வேண்டும். அணிபவருக்கு அந்த உதவி ஆயுள்வரை தேவை. அவரிடம், “போதும், இனி உம்பாட்டில் நில்லும்” என்பது கைவிடுதலேயாகும்.

ஆகவே, தாங்குவதா விலகுவதா என்பதை உதவுபவரின் பெருமையோ களைப்போ தீர்மானிக்கலாகாது. காயம்பட்டவரின் நிலையே தீர்மானிக்க வேண்டும். வளரக்கூடிய எலும்புக்கு இடம்விடாதவர் அதை மெலியச் செய்கிறார். வளராத காலுக்குரியவரை விட்டு விலகுபவர் அவரை விழச் செய்கிறார். நம்மை நம்பியிருப்பவர் இவ்விருவரில் யார் என்று அறிய, முதலில் அவரையே கேட்டறிவது நம் கடன்.