நாவலந்தீவு என்னும் நாமம்



புரோகிதர் சங்கற்பஞ் செய்யுங்கால் ‘ஜம்பூத்வீபே’ என்று உச்சரிப்பதை நம் முன்னோர் வாயிலுக்கு வெளியே நின்று கேட்டனர். அச்சொல் தங்கட்குரியதன்று என்றே அவர்கட்குக் கற்பிக்கப்பட்டது. அது யாருக்குரியது என்று ஆராய்வோம்.

மேருவைச் சூழ நான்கு மகாதீபங்கள் உள்ளன என்பது பாளி நூல்களின் கூற்று. அவற்றுள் தென்புறத்தது ஜம்புதீபம். புத்தர்கள் அவதரிப்பது இங்கேயே. (மேருவைப் பூகோளப் படத்தில் தேடற்க, நமக்கு வேண்டியது பெயரே.) ஜம்பு என்பது நாவல் மரம். இக்கண்டத்திற்குப் பெயரீந்தது மன்னனுமன்று, வருணமுமன்று. வழிப்போக்கர் எவர்க்கும் நிழல் தரும் ஒரு மரம்! சித்தார்த்தர் இளமையில் முதல் தியானம் எய்தியதும் நாவல் நீழலிலேயே என்று மகாசச்சக சுத்தம் கூறுகின்றது. நம் மணிமேகலையும், நாவலடியில் தவமியற்றிய இத்தீவின் தெய்வத்தைச் சம்பாபதி என்கின்றது. புகாரின் பழம்பெயரும் அதுவே.

நிற்க. ஏட்டை நம்பாதார் கல்லையேனும் நம்புவர். கர்நாடகத்துச் சித்திரதுர்க்க மாவட்டத்தில், பிரம்மகிரியில், அசோகரின் சிறுபாறைச் சாசனம் கண்டெடுக்கப்பட்டது. அதில் ‘ஜம்புதீபம்’ என்னும் பெயர் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அப்பெயரையடுத்து மாமன்னர் கூறுவது யாது? தம்ம முயற்சியின் பயன் பெரியோர்க்கு மட்டும் உரியதன்று. முயன்றால் எளியோரும் எய்தலாம் என்பதே. பஞ்சாலையில் நூலிழுத்த கையால் இதனை எழுதுங்கால் நம் உள்ளம் நிறைகின்றது.

கோலார் தங்கவயல், பெங்களூர் உபாசகர்கள் விடுமுறை நாளொன்றில் தம் மக்களை அங்கு அழைத்துச் சென்று அக்கல்லைக் காட்டுவார்களாக.