யார் கை எழுப்பிய சுவர்?

செங்கல்லை நனைத்த பிறகே கட்ட வேண்டும் என்பதுகூடத் தெரியாத ஒருவர், வீடில்லாத ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டிக்கொடுக்க விமானம் ஏறுகிறார். தன் செலவில், தன் விடுமுறையில் போகிறார். அந்நிய நாட்டு வெயிலில் கலவைச் சட்டி சுமக்கிறார், உள்ளங்கை கொப்பளிக்கிறது, கடைசி நாளில் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். இதைக் கேலி செய்வது எளிது. நான் கொத்தனார் மகன். எனக்கு இன்னும் எளிது.

அப்பாவிடம் புதிதாக ஒரு சித்தாள் வந்து சேர்ந்தால் முதல் சில வாரங்கள் அவர் முகம் சுருங்கியே இருக்கும். புது ஆளுக்குக் கலவையின் பதம் தெரியாது. சாரத்தில் எங்கே கால் வைப்பது என்று தெரியாது. அவரைப் பார்த்துக்கொள்ளவே தேர்ந்த ஆள் ஒருவர் வேலையை விட்டு நிற்க வேண்டும். நூல் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு எழுப்பும் சுவரில் அரை அங்குலம் பிசகினால், அதைப் பூச்சில் மறைக்கலாமே தவிர திருத்த முடியாது. வீடு கட்டப் போகும் பயணத்துக்கு நன்கொடை கேட்டு இளைஞர்கள் என்னிடம் வரும்போதெல்லாம், அவர்களுக்குப் பின்னால் பிசகாக நிற்கும் ஒரு சுவரும் எனக்குத் தெரிந்துவிடுகிறது.

கணக்குப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1998 அக்டோபர் கடைசியில் மிட்ச் சூறாவளி மத்திய அமெரிக்காவைத் தாக்கி 11,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஹோண்டுராஸில் வீடிழந்தவர்களுக்கு வீடு கட்ட வட அமெரிக்கத் தேவாலயக் குழுக்கள் அலையலையாக வந்தன. அந்த நாட்டிலேயே வாழ்ந்துவந்த கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் பின்னர் இதை ஆராய்ந்தார். பயணச் செலவையும் சேர்த்தால், வந்த ஒரு குழு சராசரியாகச் செலவழித்தது சுமார் 30,000 டாலர். உள்ளூர் அமைப்புகள் அதே மாதிரி வீட்டை 2,000 டாலருக்குக் கட்டின. வீடு பெற்ற குடும்பங்களைப் பொறுத்தவரை, யார் கட்டினார்கள் என்பதால் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. போய்வந்தவர்கள் மாறினார்களா? மாறிவிட்டதாகவே பலரும் சொன்னார்கள். ஆனால் அவர்கள் அதன்பின் கொடுத்த நன்கொடைகளின் கணக்கு அப்படிக் காட்டவில்லை.

ஒரு வீட்டின் பேரில் பதினைந்து வீடுகளின் பணம் போகிறது. இதற்குமேல் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மெக்ஸிகோவின் குவெர்னவாகா நகரில் 1968இல் சிந்தனையாளர் இவான் இல்லிச் அமெரிக்க மாணவர் தொண்டர்களுக்கு முன் நின்று பேசியதும் ஏறக்குறைய இதே கோபத்தோடுதான். பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம்.

எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, ஆனாலும் முழுதாக ஒப்ப மனம் வரவில்லை. காசு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பதில் ஒரு போதாமை இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு மொய் மட்டும் கொடுத்தனுப்பினால் சொந்தக்காரர்கள் ஏற்றுக்கொள்வார்களா? நேரில் வந்து பந்தியில் பரிமாறினால்தான் உறவு. கையால் செய்ய வேண்டும் என்ற அந்த ஆசையை வெறும் விளம்பர மோகம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த ஆசை எனக்கானதா, அந்தக் குடும்பத்துக்கானதா என்று கேட்டுக்கொள்ளாமல் பெட்டி கட்டுவதுதான் தவறு.

முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் கதை இந்த இடத்தில் உதவுகிறது. பதவி இழந்த பிறகு, 1984இல், அவர் ஜார்ஜியாவிலிருந்து தொண்டர்களோடு பேருந்தில் நியூயார்க் போய், பாழடைந்து கிடந்த ஓர் ஆறு மாடிக் கட்டடத்தை 19 குடும்பங்களுக்காகச் சீரமைத்தார். மில்லார்டு ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் 1976இல் தொடங்கிய ஹேபிடாட் அமைப்பின் வேலை அது. அதன்பின் 14 நாடுகளில் 4,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2006இல் லோனாவாலா அருகே மாளவலி கிராமத்துக்கும் வந்தார். 2019இல், 95 வயதில், விழுந்து நெற்றியில் 14 தையல் போட்ட மறுநாளே நாஷ்வில்லில் வேலைத்தளத்தில் நின்றார். மரவேலை அவருக்கு நன்கு கைவசப்பட்ட பொழுதுபோக்கு என்பதையும் சொல்ல வேண்டும். ஹேபிடாட்டின் அடிப்படை ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த பகுதி பிரபலங்கள் வருவது அல்ல. வீடு பெறும் குடும்பமும் இத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும், லாபமில்லாத கடனாக வீட்டின் விலையைத் திருப்பிக் கட்ட வேண்டும், அந்தப் பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். இதில் வாங்குபவர் கையேந்தி நிற்பதில்லை. முன்னாள் அதிபரும் அந்த வீட்டம்மாவும் ஒரே சுவரில் ஆணி அடிக்கிறார்கள். இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் அதே ஆணி வெறும் படக்காட்சி.

அதற்கும் முன்னால், 1920இல், இன்னொருவர் இப்படிப் போயிருக்கிறார். பியர் செரெசோல், ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர். அவருடைய தந்தை அந்நாட்டின் அதிபராக இருந்தவர். முதல் உலகப்போரில் வெர்டன் அருகே எஸ்ன் என்ற பிரெஞ்சுக் கிராமம் தரைமட்டமாகியிருந்தது. பல நாட்டு இளைஞர்களோடு போய் இடிபாடுகளை அகற்றி, மரக்குடில்கள் கட்டத் தொடங்கினார். குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். நேற்று வரை குண்டு போட்ட நாட்டுக்காரர்கள். ஊர்க்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அது பொறுக்கவில்லை. சில மாதங்களில் குழு வெளியேற வேண்டியதாயிற்று. தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சர்வதேசத் தன்னார்வத் தொண்டுக்கு அங்கேதான் வித்து விழுந்தது. 1934 ஜனவரி 15 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு, ராஜேந்திர பிரசாத் நிவாரணப் பணியை முன்னின்று நடத்திய காலத்தில், செரெசோல் முசாபர்பூர் பக்கம் வந்து கிராமங்களை மீண்டும் எழுப்பும் வேலையில் ஈடுபட்டார்.

எஸ்னில் பணம் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரெஞ்சுக் கொத்தனார்கள் இன்னும் நன்றாகக் கட்டியிருப்பார்கள். ஆனால் இடித்த நாட்டின் கையே கல்லை எடுத்து வைக்கிறது என்பது அந்தப் பணத்தால் நடந்திருக்காது. அங்கே சுவரைவிடச் சுவரை எழுப்பும் கை யாருடையது என்பது முக்கியம். கடல் கடந்து போவதற்கு எனக்குத் தெரிந்து இப்படி ஒரு காரணம் இருக்க வேண்டும். அது இல்லாத இடங்களில் நம் கை எவருடைய கையாகவும் இருக்கலாம். பெரும்பாலும் அந்த ஊர்க் கையாக இருப்பதே மேல்.

இன்னொரு வகைப் பயணமும் உண்டு: திரும்பாமலேயே இருந்துவிடுவது. லாரி பேக்கர் 1945இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்தார். இங்கிலாந்தில் கற்ற கட்டடக்கலை இமயமலைப் பக்கம் பித்தோராகரில் செல்லவில்லை. அந்த மலைக்காரர்கள் தம் கல்லாலும் மண்ணாலும் கட்டிய வீடுகள் தன் படிப்பைவிடப் பொருத்தமாக இருப்பதைக் கண்டு, அவர்களிடமே மாணவரானார். பிறகு கேரளத்தில் செங்கல்லைச் சிக்கனமாக அடுக்கும் எலிப்பொறிக் கட்டையும் ஓடு பதித்த கூரையையும் பரவலாக்கினார். இந்தியக் குடிமகனாகி, 2007இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். இரண்டு வாரம் வருகிறவர்களையும் அவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

வீட்டுக்காரர்களே தம் வீட்டைக் கட்டிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் நேபாளத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். சுமார் 5 லட்சம் வீடுகள் இடிந்தன. அரசு ஒரு குடும்பத்துக்கு 3 லட்சம் நேபாள ரூபாயைத் தவணையாகக் கொடுத்தது. வேலையைப் பொறியாளர் பார்த்துச் சரி என்ற பிறகே அடுத்த தவணை. வீட்டுக்காரரே ஆள் வைத்துக் கட்ட வேண்டும். கல் சுவரில் நிலநடுக்கம் தாங்கும் கிடைப்பட்டைகள் வைக்கக் கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பெண்களும் கற்றார்கள். ஆனால் ஊர்களில் ஆள் பற்றாக்குறை. காரணம் நமக்குத் தெரிந்ததுதான்: இளைஞர்கள் கத்தாரிலும் மலேசியாவிலும் பிறருடைய கட்டடங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் அப்பாவும் மஸ்கட்டில் சில வருடங்கள் இருந்தவர். அங்கே கட்டிய எந்தக் கட்டடத்தின் முன்பும் அவர் படம் எடுத்துக்கொண்டதில்லை. வீடு கட்ட வெளிநாடு போனவர் என்று அவரை யாரும் பாராட்டியதுமில்லை. சம்பளம் சரியாக வந்ததா என்று மட்டும்தான் ஊரில் விசாரித்தார்கள்.

வீட்டுக்காரரே கட்டிக்கொள்வதன் மறுபக்கத்தைச் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் பார்த்தோம். நல்ல மனமும் பெருந்தொகையுமாக வந்த அமைப்புகள் பல இடங்களில் நிலத்தைச் சமப்படுத்த நிழல் மரங்களை வெட்டிவிட்டு வரிசை வரிசையாகக் கான்கிரீட் வீடுகளை எழுப்பின. வெயிலில் வலை பின்ன உட்கார இடமில்லை. அந்த மக்களிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மரமாவது மிஞ்சியிருக்கும்.

ஆகவே நன்கொடை கேட்டு வருகிறவர்களிடம் நான் சில கேள்விகள் கேட்கிறேன். மனை யார் பேரில் இருக்கிறது, வீட்டை எப்படி அமைப்பது என்று முடிவு செய்தது அந்தக் குடும்பமா, உள்ளூர்க் கொத்தனாருக்கு என்ன கூலி, நீங்கள் போவதால் எந்த ஆளுக்காவது கூலி போகிறதா. இவற்றுக்குப் பதில் தெரிந்தவர்களுக்குத் தயங்காமல் கொடுக்கிறேன். நீங்களே போகத் துடிக்கிறீர்கள் என்றால், முதலில் விமானச் சீட்டின் விலையை அந்த ஊர்க் கொத்தனார்களின் கூலிக்காக அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகும் போகத் தோன்றினால் போங்கள். போன இடத்தில் மேஸ்திரி சட்டி தூக்கச் சொன்னால் சட்டி தூக்குங்கள், தள்ளி நிற்கச் சொன்னால் தள்ளி நில்லுங்கள்.