கரையில் நின்றவர்

சிவமயம்



இன்று சித்திரைச் சதயம். திருநாவுக்கரசு நாயனார் திருப்புகலூரிலே சிவபெருமான் திருவடி சேர்ந்த நாள். கடலொலி செவியில் விழும் இம்மாங்கேணிக் கோயில் முன்றிலிலே குருபூசைப் பிரசங்கஞ் செய்கவென அன்பர்கள் பணித்தமையால் அடியேன் உங்கள்முன் நிற்கின்றேன். நாயனாரது சரித்திரம் முழுவதையும் ஒரு மாலைப்பொழுதிற் சொல்லி முடித்தல் இயலாது. சூலைநோய் கொண்டதும், தமக்கையார் திலகவதியார் திருநீறளித்ததும் நீங்கள் ஆண்டுதோறுங் கேட்டவை. ஆதலின் அவற்றை விடுத்து, பிரசங்கிகள் விரைந்து கடந்துபோகும் ஒரு சிறு பகுதியை மாத்திரம் ஈண்டு எடுத்துக்கொள்வேன்.

அதற்குக் காரணம் ஒன்றுண்டு. சென்ற ஆண்டு இக்குருபூசை முடிந்து அமுது படைக்கும் வேளையில், இவ்வூர் மூதாட்டியார் ஒருவர் அடியேனை அணுகினார். அவருடைய பேரன் 2012-ஆம் ஆண்டிலே படகேறி ஆவுத்திரேலியாவுக்குச் சென்றவன். அவ்வோராண்டில் மாத்திரம் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட இலங்கையர் அவ்வாறு கடல்வழியே அந்நாட்டை அடைந்தனர். பேரன் பணம் அனுப்புகின்றான், படம் அனுப்புகின்றான். இறங்கிய நாளைப் பற்றி மட்டும் ஒருபோதும் வாய்திறப்பதில்லை. இதனைக் கூறிவிட்டு அம்மூதாட்டியார் கேட்டார்: “கரையில ஆரும் நிண்டாங்களா, வாத்தியார் தம்பி?”

அடியேன் விடை கூறிற்றிலேன். ஓராண்டு சென்றபின் இன்று கூற முயல்கின்றேன்.

பல்லவ மன்னன் நாவரசரைக் கல்லோடு பிணித்துக் கடலிலே தள்ளுவித்தான். அவர் நமச்சிவாயத் திருப்பதிகம் பாடினார். ஆழ்த்தவேண்டிய கல்லே தெப்பமாய் மிதந்தது. வருணன் அவரைத் தாங்கிச் சென்று திருப்பாதிரிப்புலியூரின் பக்கத்தே கரைசேர்த்தான். கடலூரை அடுத்த அவ்விடம் இன்றும் கரையேறவிட்ட குப்பம் எனப்படுகின்றது. கல் மிதந்த அற்புதத்தை எல்லாரும் பேசுவர். கரையில் நின்றவர்களைப் பேசுவார் அரியர்.

அவர்கள் யாவர்? புலியூரில் வாழ்ந்த அடியார்கள். கரைக்கு வந்தவரோ அரசனது ஆணையினாற் கடலிலிடப்பட்டவர். அரசநெறியிற் பார்ப்பின் குற்றவாளி. அவரை வரவேற்பது அரசனுக்கு மாறு செய்வதாகும். அவ்வூரும் அப்பல்லவனுடைய ஆட்சியின் கீழதே. அங்ஙனமிருந்தும் அவ்வடியார்கள் கரைக்கு வந்து அரகர முழக்கஞ் செய்து அவரை எதிர்கொண்டனர். அவரை நோக்கி, நீர் எந்நாட்டவர், எக்குற்றஞ் செய்தீர், உம்மை ஏற்பதனால் எமக்கு யாது தீங்கு வரும் என அவர்கள் வினவியதாகச் சேக்கிழார் பெருமான் பாடிற்றிலர். கல்லை மிதப்பித்தது இறைவன் செயல். கரையிலே நின்றது மனிதர் செயல். முன்னையதை நாம் செய்யமுடியாது. பின்னையது எக்காலத்தும் எவர்க்கும் இயல்வது.

நமது மட்டக்களப்பு நாடே கரையேறியவர்களின் நாடு. கலிங்கத்தினின்றும் வந்த உலகநாச்சிக்கு இந்நாட்டு மன்னன் மண்முனையை அளித்தான் என மட்டக்களப்பு மான்மியம் கூறும். பிற்காலத்து வரவுகளுள் ஒன்றனை இங்கே நினைவு கூர்தல் தகும். அடியேன் இளமையில் மிசன் பாடசாலையிற் பயின்றவன். அதனை மறைத்தலும் வேண்டா, அதனால் நாணுதலும் வேண்டா. மெதடிஸ்த மிசனைச் சார்ந்த வில்லியம் ஓல்ட் என்னும் பாதிரியார் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி 1814-ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்தார். வழியிலே மனைவியார் இறந்துபோனார்; கூட்டத்தின் தலைவராகிய தோமஸ் கோக் என்பவரும் கடலிலேயே உயிர் நீத்தார். தனியராய் மட்டக்களப்பை அடைந்த ஓல்ட் இங்கே பள்ளிகளைத் தொடங்கி, மறு ஆண்டே, 1815-ல், இம்மண்ணில் இறந்தார். அவர் போதித்த சமயம் நம்முடையதன்று. ஆயினும், மனைவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அயலார் கரையிலே காலூன்றிய ஒருவனுக்கு இவ்வூரவர் நிழல் கொடுத்தனர் என்பதை எண்ணுந்தோறும் அடியேனுக்கு நமது முன்னோர்மீது மதிப்பு மிகுகின்றது.

இனி மூதாட்டியாரின் வினாவுக்கு வருவோம். நம்மவர் சென்ற கரைகளில் யாவர் நின்றனர்?

1986-ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 11-ஆந் தேதி, கனடாவின் கீழ்த்திசையிலுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவினருகே, மூடுபனியினிடையே, கஸ் டால்டன் என்னும் மீன்பிடிக் கப்பித்தான் தமது கப்பலைச் செலுத்திக்கொண்டிருந்தார். பாய்மரமில்லாத இரண்டு உயிர்காப்புப் படகுகள் அவர் கண்ணுக்குப் பட்டன. அவற்றுள் 155 தமிழர் நெருங்கி அமர்ந்திருந்தனர். அவர்களை ஏற்றிவந்த கப்பல் நடுக்கடலிலே இறக்கிவிட்டு நீங்கிவிட்டது. டால்டன் அவர்களைத் தமது கப்பலில் ஏற்றினார். வேறு படகுகளும் உதவிக்கு வந்தன. 155 பேரும் உயிர் பிழைத்தனர்.

இங்கே ஓர் இடறல் உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலிற் கூறினர். அஃது உண்மையன்று. மேற்கு ஜேர்மனியிலிருந்தே புறப்பட்டனர் என்பது சில நாட்களில் வெளியாயிற்று. இதனையறிந்து கனடா நாட்டவரிற் பலர் வெகுண்டனர். பொய்யை மெய்யென்று அடியேன் வாதிக்கமாட்டேன். ஆயினும், திருப்பியனுப்பிவிடுவரோ என்னும் அச்சத்தினாற் பிறந்த பொய்யையும், பிறன் பொருளைக் கவர்தற்குச் சொல்லும் பொய்யையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கவும் அடியேனுக்கு மனம் ஒருப்படவில்லை. அந்நாட்டு அரசினர் ஓராண்டு தங்கித் தொழில் செய்ய அவர்களுக்கு உத்தரவு அளித்தனர். முப்பது ஆண்டுகள் கழித்து, 2016-ல், அவர்களிற் சிலர் மீண்டும் அக்கரைக்குச் சென்று டால்டனைக் கண்டு நன்றி கூறினர். விசாரணை வேண்டாமென்பது அடியேன் கருத்தன்று. அஃது அரசினர்க்குரிய கடமை. எது முன், எது பின் என்பதே கேள்வி. டால்டன் முதலிற் கைகொடுத்துத் தூக்கினார். கேள்விகளெல்லாம் உலர்ந்த தரையிலே கேட்கப்பட்டன.

எல்லாக் கரையிலும் டால்டன் நிற்பதில்லை. அதே கனடாவின் மேற்குக் கரைக்கு 1914-ஆம் ஆண்டு கோமகத்தா மாரு என்னுங் கப்பல் 376 இந்தியரை ஏற்றிக்கொண்டு சென்றது. வான்கூவர்த் துறையிலே இரண்டு மாதம் அதனை நிறுத்திவைத்து, மிகச் சிலரையன்றி ஏனையோரை இறங்கவிடாது திருப்பியனுப்பினர். அதற்காக அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது 2016-ல். நூற்றிரண்டு ஆண்டுகள் சென்றன! 2010-ஆம் ஆண்டு ஆகத்து 13-ல் சன் சீ என்னுங் கப்பல் நம்மவர் 492 பேரோடு அதே மேற்குக் கரையை அடைந்தது. ஆடவர் 380, பெண்டிர் 63, சிறுவர் 49. ஒருவர் வழியிலேயே இறந்துபோனார். வந்தவர்களை எதிர்கொண்டது தடுப்புக்காவல். ஆடவர் சிறைச்சாலையிலும், தாய்மார் குழந்தைகளோடு இளங்குற்றவாளிகளின் இல்லத்திலும் வைக்கப்பட்டனர். சிலர் மாதக்கணக்கில் அங்கிருந்தனர். பின்னர்ப் பலர் அகதிகளென ஏற்கப்பட்டனர், சிலர் திருப்பியனுப்பப்பட்டனர். ஆகவே, அம்மா, உமது வினாவுக்கு ஒரே விடை இல்லை. சில கரையில் மனிதர் நின்றனர். சில கரையில் வேலி நின்றது.

மிசன் பாடசாலையிலே எமது ஆசிரியர் வாசித்த ஒரு கதை இவ்விடத்தே நினைவுக்கு வருகின்றது. பவுல் என்பவர் கைதியாய்ச் சென்ற கப்பல் மெலித்தா என்னுந் தீவினருகே உடைந்தது. கப்பலில் இருந்தோர் 276 பேர். நீந்தியும் பலகையைப் பற்றியுங் கரைசேர்ந்த அவர்களுக்கு, மழையும் குளிருமாயிருந்தபடியால், அத்தீவார் நெருப்பு மூட்டினர். கைதி யார், காவலன் யார் என்று பிரித்து மூட்டவில்லை. அத்தீவார் கிறித்தவருமல்லர், சைவருமல்லர். ஈரத்தில் நடுங்குபவனுக்கு நெருப்பு வேண்டும் என்று அறிந்தவர்கள், அவ்வளவே.

இதுவரை பிறர் கரைகளைப் பேசினேன். இனி என் வாயில்.

2006-ஆம் ஆண்டு மூதூர்க் கிழக்கு மக்கள் போரினால் ஓடிவந்து வாகரையில் ஒதுங்கினர். 2007 தைமாதத்திலே அவர்களும் வாகரை மக்களும் சேர்ந்து, காட்டுவழியாகவும் தோணியேறியும் தெற்கே வந்தனர். உங்களிற் பலர் அக்கூட்டத்தில் இருந்தீர்கள். அக்காலத்தில் அடியேன் தெற்கே ஓரூரில் ஆசிரியனாயிருந்தேன். ஒருநாள் இரவு மழைபெய்துகொண்டிருந்தது. படலையிலே ஒருவர் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் நின்று, திண்ணையில் விடியும்வரை இருக்கலாமா என்று கேட்டார். அடியேன் எந்த ஊர் என்றேன், சொன்னார். என்ன குடி என்றேன், சொன்னார். அடையாள அட்டை உண்டா என்றேன். நனைந்த பையைத் தூண்டித்துருவிப் பார்த்துவிட்டு, இல்லையென்றார். காலம் கெட்டது, எனக்கும் பிள்ளைகள் உண்டு என்று மனத்துக்குள் நியாயம் கற்பித்துக்கொண்டு, இரண்டு மைலுக்கு அப்பாலிருந்த முகாமுக்கு வழிகாட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இளைய பிள்ளை எங்கள் திண்ணை விளக்கையே பார்த்துக்கொண்டு சென்றது. உள்ளே, நீரூற்றி வைத்த சோறு பானையில் இருந்தது.

மறுநாட் காலை வகுப்பிலே, பாட ஒழுங்கின்படி, இளையான்குடி மாறனார் சரித்திரத்தைப் படிப்பித்தேன். நள்ளிரவு மழையில் நனைந்து வந்த விருந்தினருக்காக, பகலிலே வயலில் விதைத்த நெல்லை இருளிற் சென்று வாரிவந்து, விறகில்லாமையால் வீட்டின் கூரைமரத்தை அறுத்து, குழிநிரம்பாத கீரையைப் பறித்துக் கறியாக்கி அமுதளித்தவர் அவர். மாணாக்கர் கேட்டனர், எழுதினர். அடியேனுக்குக் குரல் எழவில்லை. வந்தவர் சிவபெருமான் என்பது மாறனாருக்கு உண்டு முடிந்தபின்னரே தெரிந்தது. என் படலைக்கு வந்தவர் யார் என்று எனக்கு இன்னுந் தெரியாது. அவர் இச்சபையில் இருப்பாராயின், இத்தனை பேர் முன்னிலையில் அவரை வணங்கி மன்னிப்புக் கேட்கின்றேன்.

பழைய கதையை ஏன் கிளறுகின்றேன் எனின், இப்பொழுது நாமே கரையாகிவிட்டோம். 2022 மார்கழியில் வெற்றிலைக்கேணிக் கடலிலே அமிழ்ந்துகொண்டிருந்த படகொன்றிலிருந்து மியன்மார் நாட்டு ரோகிங்கியர் 104 பேரை நம் நாட்டுக் கடற்படையினர் மீட்டனர். 2024 மார்கழியில் முள்ளிவாய்க்காற் கடலுக்கு நூற்றுக்கு மேற்பட்டோர், பிள்ளைகுட்டிகளோடு, இன்னுமொரு படகில் வந்தனர். முள்ளிவாய்க்கால் என்னும் பெயருக்குப் பொருள் சொல்லவேண்டிய அவசியம் தமிழருக்கு இல்லை. அங்குள்ள மீனவரே அப்படகைக் கண்டு உணவும் நீரும் கொடுத்தனர். அச்செய்தி வந்த நாளில் நம்மூர்த் தேநீர்க்கடையிலே, நமக்கே இல்லை, வந்தவனுக்கு எங்கே கொடுப்பது என்று சிலர் பேசக் கேட்டேன். பேசியவர் பொல்லாதவரல்லர், 2004-ல் ஆழிப்பேரலையிலும் பின்னர்ப் போரிலும் இருமுறை வீடிழந்தவர். என் படலையிலே நான் பேசியதும் அதே நியாயந்தான். ஆதலின் அவரைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமையில்லை. என் கதையைச் சொல்லவே உரிமையுண்டு.

நாவரசரை ஒருநாளுங் கண்டிராத அப்பூதியடிகள், அவர் பெயராலே திங்களூரிலே தண்ணீர்ப்பந்தல் வைத்தார். அவ்வழியே வந்து அப்பந்தலைக் கண்ட பின்னரே நாவரசர் அவரைத் தேடிச்சென்றார். வருபவர் யாரென்று தெரியுமுன்னரே தண்ணீர் அங்கே இருந்தது. நமது கரையிலுள்ள ஊர்களுக்கு முன்னோர் இட்ட பெயர்களைப் பாருங்கள்: மாங்கேணி, காயான்கேணி, பனிச்சங்கேணி. கோட்டையின் பெயரன்று, காவலின் பெயரன்று, கேணியின் பெயர்.

கோயிற் பரிபாலகர்களிடத்து ஒரு விண்ணப்பம். இக்கோயிற் கிணற்று வாளியையும் கயிற்றையும் இரவு பூசை முடிந்ததும் மடப்பள்ளியில் வைத்துப் பூட்டுவது வழக்கம். களவு போகும் என்பது காரணம். இரண்டுமுறை போனதும் உண்மை. இன்றிரவு முதல் அவை கிணற்றடியிலேயே இருக்கட்டும். களவு போனால் வாளியின் விலையை அடியேன் தருவேன்.

திருச்சிற்றம்பலம்