வேலிக்குள் பெற்ற வெற்றி

அநீதி வகுத்த எல்லைக்குள் நின்று மனிதர் ஈட்டும் வெற்றியை நாம் மெச்சும்போது, அந்த எல்லையையும் ஏற்றுக்கொண்டவர்களாகிறோமா? இக்கேள்வியை வெறும் தருக்கமாகவன்றி, வரலாற்றில் வைத்து ஆராய்தலே தகும்.

1920ஆம் ஆண்டில் அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரிகளின் உதைபந்தாட்டப் பருவத்தில், வாஷிங்டனின் ஹவார்ட் பல்கலைக்கழகமும் அலபாமாவின் டாலடேகா கல்லூரியும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. உதைபந்தாட்டம் எனினும், பந்தைக் கையிலேந்தி எதிரணியை ஊடறுத்து ஓடும் அமெரிக்க ஆட்டம் அது. வெற்றியாளரைத் தெரிந்தது கறுப்பின மக்களின் வார ஏடான பிற்ஸ்பேர்க் கூரியர்.

அவ்வெற்றியைச் சூழ்ந்திருந்த வேலி யாது? பிரித்துவைப்பினும் சமத்துவம் கெடாதென 1896இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அலபாமாவின் 1901ஆம் ஆண்டு அரசியலமைப்பு கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்திருந்தது. 1919 யூலையில் வாஷிங்டன் வீதிகளில் வெள்ளையர் கும்பல்கள் அவர்களைத் தாக்கின. வடக்கில் வெள்ளையர் கல்லூரி அணியில் இடம்பெற்ற ஒரு சிலருக்கும் கதவு முழுதாகத் திறக்கவில்லை. 1916இல், எதிரணி ஆட்சேபித்ததென்பதற்காக ரட்கர்ஸ் கல்லூரி போல் றொப்சனை ஓர் ஆட்டத்தினின்றும் விலக்கிவைத்தது.

ஆடுகளத்தில் அவர்கள் தம் சமத்துவத்தை நிரூபித்தனர் என்பர் சிலர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. மனிதன் சமமானவன் என்பதற்கு வெற்றி சான்றாயின், தோற்ற அணியினர் தாழ்ந்தவரா? சான்று காட்ட வேண்டியவர் வேலி கட்டியவரேயன்றி அடைக்கப்பட்டவரல்லர்.

போராட்டத்தை மறக்கச் செய்யும் மயக்கமருந்தே விளையாட்டு என்பர் வேறு சிலர். இதில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும் முழு உண்மையில்லை. 1912இல் தமக்கெனக் கல்லூரிகளிடை விளையாட்டுச் சங்கத்தை நிறுவியோர் இம்மக்களே. தம் வெற்றியைத் தம் ஏட்டிலேயே பதிந்தோரும் இவர்களே. 1925இல் ஃபிஸ்க் பல்கலைக்கழக மாணவர், மாணவர் ஏட்டையும் பேரவையையும் ஒடுக்கிய தலைவருக்கெதிராக வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர். அவர் பதவி துறந்தார். பந்தாட்டமே கிளர்ச்சியைப் பெற்றதென நாம் கூறவில்லை. ஆட்டத்தை நேசித்த அதே தலைமுறை அடங்கிக் கிடக்கவில்லை என்பதே நாம் சுட்டுவது.

நமது கேள்விக்கான விடை டாலடேகாவிலேயே நிற்கிறது. அக்கல்லூரியின் முதற் கட்டடமான சுவேய்ன் மண்டபம், வெள்ளையர் புதல்வருக்கெனக் கறுப்பின அடிமைகளின் உழைப்பால் 1850களில் எழுந்தது. அடிமைத்தளை அறுந்தபின், 1867இல் விடுதலை பெற்றோரின் பிள்ளைகளுக்கான கல்விக்கூடமாக அது மாறியது. அச்சுவரின் உறுதியை வியப்பவன் சாட்டையை வியக்கிறானல்லன். சாட்டையின் கீழும் கைத்திறன் குன்றாத மனிதனையே வியக்கிறான்.

1920ஆம் ஆண்டின் வெற்றியையும் அவ்வாறே மெச்சுவோம். வீரருக்குரிய புகழில் வேலிக்கு யாதொரு பங்குமில்லை. அதனைச் சொல்லாது விட்டுப் புகழை மட்டும் பாடுவோமாயின், நாமும் வேலிக்குக் காவலரே.